ஆறாம் வகுப்பில் தொடங்கிய கலந்தாய்வு

2025 ஜூன் 14 அன்று நீட் முடிவு வந்தபோது என் பழைய மாணவி ஒருத்தியின் அப்பா ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் சுமை இறக்கிக்கொண்டிருந்தார். மகள் சொன்ன எண்ணைக் கேட்டதும் எனக்குப் போன் செய்தார். "சார், போன வருஷம் 512. இந்த வருஷம் 471. ஒரு வருஷம் முழுக்க உட்கார்ந்து படித்தும் 41 குறைந்துபோய்விட்டதே" என்றார். அவருக்குப் பின்னால் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "அண்ணா, மதிப்பெண்ணை விடுங்கள். ரேங்க் எவ்வளவு என்று கேட்டுச் சொல்லுங்கள்" என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. மகளும் அதைச் சொல்லவில்லை. 471 என்று பார்த்த உடனேயே அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாளாம்.

தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். இந்த மாணவி ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை என் பள்ளியில் படித்தவள். ஊர் பாலக்கோட்டுப் பக்கம். குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன், பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் மருத்துவ இடம் எங்கே கிடைக்கிறது, எங்கே கைநழுவுகிறது என்பதை இவள் கதையில் ஒவ்வொரு படியாகப் பார்க்க முடிகிறது. என் கவனக்குறைவும் இதில் இருக்கிறது. அதையும் மறைக்கப்போவதில்லை.

முதலில் அந்த இரண்டு எண்கள். நீட் தேர்வு 720 மதிப்பெண்ணுக்கு. இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90 என்று 180 கேள்விகள். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. 2024இல் கேள்வித்தாள் எளிது, பாடத்திட்டம் சுருக்கப்பட்டிருந்தது, சில கேள்விகளை விட்டுவிடும் வாய்ப்பும் இருந்தது. முதலில் வெளியான முடிவில் 67 பேர் முழு மதிப்பெண் பெற்றிருந்தார்கள். கருணை மதிப்பெண் ரத்தாகி, திருத்திய பட்டியல் ஜூலையில் வந்தபோது அது 17 ஆயிற்று. 2025இல் விட்டுவிடும் வாய்ப்பு எடுக்கப்பட்டது, நேரம் மூன்று மணியாகக் குறைந்தது, இயற்பியல் பிள்ளைகளைப் புரட்டிப்போட்டது. நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686. 600க்கு மேல் வாங்கியவர்கள் 1,300 பேரைச் சுற்றித்தான். அதற்கு முந்தைய ஆண்டில் 600 வாங்கிய பிள்ளைக்கு முன்னால் எண்பதாயிரம் பேர் நின்றிருந்தார்கள். ஒரே 600, ஒரே தேர்வு, ஒரே ஓராண்டு இடைவெளி.

இந்த அளவில் பார்த்தால் அவள் கீழே இறங்கவில்லை. 2024இல் 512க்கு அகில இந்திய ரேங்க் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருந்தது. 2025இல் 471க்கு அது ஒரு லட்சத்துக்குள் வந்துவிட்டது. அதாவது ஒரே ஆண்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைத் தாண்டி வந்திருக்கிறாள். அன்று மாலை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அம்மா தாளைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் இவள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாளா, சார்?" என்று கேட்டார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், அம்மா. அதற்குள் ஒரு முழுப் பகலை அந்த வீடு துக்க வீடாகக் கழித்துவிட்டது.

தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றி ஜூன் மாதத்தில் தொங்கும் பேனர்களைப் பாருங்கள். பிள்ளையின் படம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் மதிப்பெண். ரேங்க் இருக்காது, சமூகத் தரவரிசை இருக்காது, இடம் கிடைத்ததா என்பதும் இருக்காது. 'நீட் தேர்ச்சி' என்று போடும் பேனர்கள்தான் எனக்கு அதிகம் வலிக்கின்றன. 2025இல் பிற்படுத்தப்பட்ட, பட்டியலின, பழங்குடியினப் பிரிவுகளுக்குத் தகுதி மதிப்பெண் 113, பொதுப்பிரிவுக்கு 144. நாடு முழுவதும் 12 லட்சத்து 36 ஆயிரம் பேர் தகுதி பெற்றார்கள். எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம், அதிலும் ஏறக்குறைய பாதி நம் மக்கள் கட்டவே முடியாத கட்டணத்தில். தகுதி என்பது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். 150 மதிப்பெண் பெற்ற மகனுக்காகத் தெருவெல்லாம் இனிப்பு கொடுத்துவிட்டு, ஆகஸ்டில் கல்லூரிப் பெயர் கேட்டு என்னிடம் வரும் தகப்பன்மார்களிடம் இதைச் சொல்வது எனக்குப் பெரும் பாடு.

அந்த 471ஐப் பிரித்துப் பார்த்தோம். உயிரியலில் 79 சரி, 11 தவறு: 305. வேதியியலில் 32 சரி, 12 தவறு, ஒன்று விட்டது: 116. இயற்பியலில் 18 சரி, 22 தவறு, ஐந்து விட்டது: 50. மொத்தம் 45 தவறு. தவறுக்குக் கழிந்த 45 மதிப்பெண்தான் எல்லோர் கண்ணிலும் படும். என் கணக்கு வேறு. நான்கு விருப்பங்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால்கூட, நூறு கேள்விக்குச் சராசரியாக 25 சரியாகி 100 வரும், 75 போகும். நட்டமில்லை. ஒரு விருப்பத்தையாவது உறுதியாக ஒதுக்க முடிந்தால் லாபம்தான். ஆகவே குறித்தது பிழையில்லை. பிழை இயற்பியலில் 27 கேள்விகள் அவள் கைக்குள் வராமல் போனது. பதினொன்றாம் வகுப்பில் அவளுக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் இயற்பியல் ஆசிரியர் இல்லை. பணியிடம் காலியாக இருந்தது. அந்த ஐந்து மாதத்தை எந்தப் பயிற்சி மையமும் திருப்பித் தரவில்லை.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். அதற்கு 2024ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போகவேண்டும்.

தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் குழு 10 விழுக்காடு பரிந்துரைத்தது; சட்டம் 7.5 என்று நின்றது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கட்டணத்தை, தனியார் கல்லூரியாக இருந்தாலும், அரசே கட்டுகிறது. நான் என் வாழ்நாளில் பார்த்த சட்டங்களில் நம் பகுதிப் பிள்ளைகளின் வாழ்க்கையை இந்த அளவுக்கு நேரடியாக மாற்றியது வேறொன்று இல்லை. இதற்கு முன் எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை 'டாக்டர் ஆகவேண்டும்' என்று சொன்னால் ஆசிரியர்களாகிய நாங்களே தலையைத் தடவிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவோம்.

2024இல் அவள் 512 வாங்கியதும் 7.5 விழுக்காட்டில் நிச்சயம் என்று நான்தான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். விண்ணப்பத்தோடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வைக்கவேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் பள்ளியின் பெயர், ஆண்டு, தலைமையாசிரியர் கையொப்பம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு வரிசையில் அவள் எழுதிய பள்ளியின் பெயரைப் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. அது அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி.

"சார், அங்கே புத்தகம் இலவசம். யூனிபார்ம் இலவசம். மத்தியானம் சத்துணவு போடுவார்கள். ஒரு ரூபாய் நாங்கள் கட்டியதில்லை. அது அரசுப் பள்ளி இல்லையா?" என்று அப்பா கேட்டார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. அவர் ஊரிலிருந்து ஒரு சிறுமி நடந்து போகக்கூடிய தூரத்தில் எட்டாம் வகுப்பு வரை இருந்த பள்ளி அது ஒன்றுதான். ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, நிர்வாகம் தனியார். சட்டத்தின் கண்ணில் அது அரசுப் பள்ளி அல்ல. பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவான எமிஸில் பார்த்தாலும் அதே பதில்தான் வந்தது. 7.5 விழுக்காட்டுப் பட்டியலில் அவள் பெயர் ஏறவே இல்லை. 512ஐ வைத்துக்கொண்டு பொதுக் கலந்தாய்வில் அந்த ஆண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் அவளுடைய மாற்றுச் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்தது எங்கள் பள்ளி. நான்கு ஆண்டு அவள் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள்கூட அந்தக் கோப்பை நான் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் சட்டம் மாறாது. ஆனால் குடும்பம் இரண்டு ஆண்டுக்கு முன்பே உண்மையை அறிந்திருக்கும், வேறு ஏற்பாடுகளை யோசித்திருக்கும்.

இந்த விதியில் என்னால் ஏற்க முடியாத ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு 7.5 விழுக்காடு உண்டு. சட்டமே அதைச் சொல்கிறது. சரியான ஏற்பாடு, ஏழைப் பிள்ளைதான் அதுவும். ஆனால் உதவி பெறும் பள்ளியில் எட்டு வரை தமிழ்வழியில் சத்துணவு சாப்பிட்டுப் படித்து, அதே ஒன்பதாம் வகுப்பில் அதே அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு இல்லை. உயர்கல்விக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும்தான் இருந்தது. பிறகு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் விரிக்கப்பட்டது. அந்த ஆயிரம் ரூபாய்க்குப் பொருந்தும் நியாயம் மருத்துவ இடத்துக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து. அரசு நடுநிலைப் பள்ளி நடக்கும் தூரத்தில் இல்லாத ஊர்களுக்காவது இதைச் செய்யவேண்டும்.

அந்த ஒரு வருடம் அவள் திரும்பப் படித்தாள். இரண்டு கறவை மாடுகள் போயின. நாமக்கல் பக்கம் ஒரு விடுதியில் பத்து மாதம். அதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

2025 ஜூலையில் பொதுக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தபோது அவள் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், எல்லோரையும்போல நின்றாள். அப்போது ஊரார் சொன்ன மூன்று நம்பிக்கைகளை நான் ஒவ்வொன்றாக உடைக்க வேண்டியிருந்தது.

ஒன்று: "நம்ம தருமபுரியிலேயே காலேஜ் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் வந்துவிட்டது. உள்ளூர்ப் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்களா?" தருமபுரிக் கல்லூரி 2008இல் 100 இடங்களோடு வந்தது. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறந்தது 150 இடம். இரண்டிலும் மாவட்டத்துக்கென்று ஓர் இடம்கூடக் கிடையாது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியல். திண்ணையில் தருமபுரியின் 100ஐ வைத்தே கணக்குப் போட்டுக் காட்டினேன். 15 அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும், மிச்சம் 85. அதில் 7.5 விழுக்காடு ஆறு, மிச்சம் 79. அதில் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு, ஏறத்தாழ 16. சிறப்புப் பிரிவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. தினமும் பஸ்ஸில் கடந்து போகிற அந்தப் பெரிய கட்டடத்தில் அவளைப் போன்றவர்களுக்கு ஓர் ஆண்டில் இருப்பது பதினாறு நாற்காலி, அதற்குக் கன்னியாகுமரியிலிருந்தும் ஆள் வரும். அப்பா அந்த 16ஐ விரலால் தொட்டுப் பார்த்தார். பொதுப்போட்டியின் 31 விழுக்காட்டில் யாரும் வரலாம், அது உண்மைதான். ஆனால் அதற்கு மதிப்பெண் இன்னும் மேலே போகவேண்டும்.

இரண்டு: "பத்தரை விழுக்காடு இருக்கிறதே." இல்லை. வன்னியருக்காக 2021இல் வந்த அந்த 10.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எங்கள் பகுதியில் இன்னும் பலர் அது நடப்பில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று: அகில இந்திய ஒதுக்கீடு. அதற்காக மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்று வேண்டுமென்று அப்பா மூன்று நாள் மண்டிக்கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்தார். சான்றை வாங்கி வைத்தது நல்லதுதான், நம் நிரந்தரச் சாதிச் சான்று அங்கே செல்லாது. ஆனால் அரசுக் கல்லூரிகளின் அகில இந்திய எம்.பி.பி.எஸ். இடங்கள் பொதுப்பிரிவிலும் ஓ.பி.சி.யிலும் இருபதாயிரத்துச் சொச்சம் ரேங்க்கோடு முடிந்துவிடும். ஒரு லட்சத்தை ஒட்டிய ரேங்க்குக்கு அந்தக் கதவு இல்லை.

ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுவதும் தமிழ்நாட்டில் படிக்காமல், பாதியைப் பெங்களூரில் படித்த பிள்ளைகள் இருப்பிடச் சான்றும் பெற்றோரின் ஆவணங்களும் கூடுதலாக வைக்கவேண்டும். இரண்டு மாநிலத்திலும் உரிமை கோரினால் இரண்டும் போய்விடும். முடிவு வந்த பிறகு இதற்கு ஓடாதீர்கள்.

விருப்பக் கல்லூரிகளைப் பதிவுசெய்த இரவு எனக்கும் அப்பாவுக்கும் வாக்குவாதம் வந்தது. அரசுக் கல்லூரிகள் முப்பத்தாறையும் அவள் விருப்ப வரிசையில் போட்டாகிவிட்டது. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களையும் சேர்க்க அப்பா சொன்னார். அங்கே ஆண்டுக் கட்டணம் நான்கு லட்சத்துக்கு மேல். அரசுக் கல்லூரியில் இருபதாயிரத்துக்குள் முடிந்துவிடும். "கட்ட முடியாததைப் போட வேண்டாம், அண்ணா" என்றேன். "இடம் என்று ஒன்று வந்துவிட்டால் காசை எப்படியாவது புரட்டிவிடலாம், சார். கேட்காமல் விட்டேன் என்று நாளைக்கு என் பெண் சொல்லக்கூடாது" என்றார். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் விட்டுக்கொடுத்தேன்.

முதல் சுற்றில் எதுவும் வரவில்லை. இரண்டாம் சுற்றில் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடம் வந்தது. வீட்டில் அன்று ஒரு மணி நேரம் இருந்த மகிழ்ச்சியை நான் பார்த்தேன். பிறகு கணக்குப் பேச ஆரம்பித்தோம். படிப்பு முடிய இருபது லட்சத்தை நெருங்கும், விடுதி தனி. கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை பிணை வேண்டாம். அதற்கு மேல் சொத்து காட்டவேண்டும். இருப்பது ஒரு ஏக்கர் மானாவாரி, அதுவும் தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டா. சித்தப்பாமார் இருவரும் கையெழுத்துப் போடத் தயார்தான். ஆனால் பட்டாவைப் பிரிக்க மாதங்கள் ஆகும், சேர்வதற்குக் கெடு சில நாட்கள். கெடு முடிந்த மாலையில் அப்பா மண்டிக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தத் தனியார் இடங்களை நான் பட்டியலில் சேர்க்காமல் தடுத்திருந்தால் அந்த மாலை வந்திருக்காது. தடுத்திருந்தால், கேட்டிருக்கலாமே என்று வாழ்நாள் முழுக்க அவர் நினைத்திருக்கவும் கூடும். எது சரி என்று இன்றும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

அதே தெருவில் இன்னொரு வீடு. அங்கே இருக்கும் பையனும் மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்புதான். அதே ஆண்டு 425 வாங்கினான், இவளைவிட 46 குறைவு. பாட்டி வீட்டில் வளர்ந்ததால் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. 7.5 விழுக்காட்டில் அரசுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். அவன் உழைப்புக்கு அது முழுத் தகுதி. அந்த இடத்தை யாரும் இரண்டாம் பார்வை பார்க்கக்கூடாது. அவன் புறப்பட்ட அன்று இவள்தான் போய் அவனுடைய பெட்டியில் துணிகளை மடித்து வைத்தாள். அம்மா என்னிடம் சொன்னார்.

ஜூன் மாதத்தில் நான் பிடிவாதமாக நின்ற ஒரு காரியம் மட்டும் பலித்தது. 2025இல் தமிழ்நாட்டில் செவிலியர் படிப்புக்கும் மற்றத் துணை மருத்துவப் படிப்புகளுக்கும் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நடந்தது. கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்களும் அப்படித்தான். அந்த விண்ணப்பங்கள் நீட் முடிவை ஒட்டியே திறந்து மூடிவிடும். நீட் மயக்கத்தில் இருக்கும் வீடுகள் அதைக் கவனிப்பதே இல்லை. கால்நடையில் அவளுக்கு எட்டவில்லை. பி.எஸ்சி. நர்சிங்கில், வேறு மாவட்டத்தில், அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது அங்கே படிக்கிறாள். எட்டாம் வகுப்பு வரை உதவி பெறும் பள்ளியில் படித்தது அங்கே தடையாகவில்லை; புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாயும் வருகிறது.

அவளுக்கு ஒரு தம்பி. அதே உதவி பெறும் பள்ளியில் 2025 ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடித்தான். பள்ளி திறந்த வாரத்தில், நீட் முடிவுக்கும் முன்பே, அவனை மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க அவளும் அம்மாவும் கிளம்பினார்கள். நானும் போனேன். வகுப்பாசிரியர் பதிவேட்டில் பெயர் எழுதி முடித்ததும் அவள் எட்டிப் பார்த்து, சேர்க்கை எண்ணையும் தேதியையும் தன் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் அம்மா கேட்டார்: "சார், இடையில் ஒரு வருஷம் மாற்றினாலும் போய்விடுமா?" போய்விடும் என்றேன். அம்மா பையனுடைய மாற்றுச் சான்றிதழின் நகலை நான்காக மடித்து, ரேஷன் கார்டு இருக்கும் பைக்குள் வைத்துக்கொண்டார்.